வேறு இலைக்குப் போகாத எண்ணெய்

புருஷன் சட்டையை முகர்ந்து பார்க்கிற பெண்டாட்டிகளில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் தேடுவது மல்லிகைப்பூ வாசனை. நான் தேடுவது சால்னா வாசனை. எங்கள் தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பேர். "எங்க வீட்டுக்காரர் தினமும் நைட் கிளப் போயிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்" என்று மகளைக் கட்டிக்கொடுத்த புதிதில் சென்னைச் சம்பந்தியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா இன்றுவரைக்கும் என்னைப் பரிதாபமாகத்தான் பார்க்கிறாள்.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. திரேஸ்புரத்தில் இப்போதுதான் கரை இறங்கிய மீன் என்று மீன்காரி சொன்னால், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கூடையைத் தொட மாட்டேன். காய்கறிக்காரன் கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தால், ஏன் சும்மா கொடுக்கிறான் என்று வீடு வரைக்கும் யோசிப்பேன். "ஏளா முத்துக்கனி, உன்னப் படைச்ச சாமிகிட்டயே நீ ஆதார் கார்டு கேப்ப" என்று என் வீட்டுக்காரர் தாணுலிங்கம் கேலி பேசுவார். பேசட்டும். கேட்காமல் ஏமாந்தவர்கள்தான் ஊரில் அதிகம்.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எங்களுக்குக் கயிறு, தார்ப்பாய்க் கடை. உப்பு லாரிக்காரர்களும் மீன்பிடி போட்டுக்காரர்களும்தான் வாடிக்கை. அந்தக் கடையில் முதலில் உட்கார்ந்தவர் இவருடைய அண்ணன். ஒருநாள் மத்தியானம் டீ சொல்லி அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், டீ வருவதற்குள் போய்விட்டார். நெஞ்சு. போன தை மாதம் அதே கடையில், அதே நாற்காலியில், இவர் நெஞ்சைப் பிடித்தார். நல்லவேளை, லாரி டிரைவர் ஒருவர் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து, குழாய் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த நாற்காலியைக் கண்டாலே எனக்கு ஆகாது. விற்றுவிடுங்கள் என்றால் கேட்கவில்லை. "நாற்காலி என்ன செய்யும்?" என்று அதிலேயே போய் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா நல்ல பெண். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டபோது இவர் உள்ளதைச் சொன்னார். கடையை மூடினதும் இசக்கியப்பன் நைட் கிளப், பரோட்டா, சால்னா, பொரித்த கோழி, முடிவில் ஒரு கலர் சோடா. அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்குமாம்.

"கடைக்கே போகாதீங்கன்னு சொன்னா நீங்க கேக்கப் போறதில்ல" என்றார் டாக்டரம்மா. "போங்க. ஆனா அங்க இருக்கிறதுல எது உடம்புக்கு ஆகும்னு பாத்துச் சாப்பிடுங்க."

பரோட்டாவுக்குப் பதிலாக இடியாப்பம் அல்லது தோசை. சால்னாவுக்குப் பதிலாக மீன் குழம்பு, மேலே மிதப்பதை ஒதுக்கிவிட்டு. பொரித்த கோழிக்குப் பதிலாக அவித்த முட்டை. கலருக்குப் பதிலாக மோர். "எல்லாத்துலயும் எண்ணெயைக் குறைங்க. அதுதான் முக்கியம்" என்று கடைசியாகச் சொன்னார். இவர் தலையை ஆட்டின வேகத்தைப் பார்த்து எனக்கு அப்போதே சந்தேகம். சிறைக்குப் போகிறவனிடம் தினமும் வீட்டுக்குப் போய் வரலாம் என்று சொன்னது போல முகம் மலர்ந்துவிட்டது.

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். தோசை நல்லதுதான். ஆனால் அந்தத் தோசையை எந்த எண்ணெயில் சுடுகிறான்? கடை எண்ணெய் எத்தனை தடவை காய்ந்ததோ, எந்த டின்னில் இருந்து வந்ததோ யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா குறைக்கச் சொன்னது இந்த மாதிரிக் கடை எண்ணெயைத்தான் என்று நானாகவே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். அந்த வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் செக்குமாட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, "மரச்செக்குல ஆட்டுன எண்ணெய் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது" என்று சொன்னார். யார் எதைச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். இந்த ஆள்மேல் மட்டும் ஏனோ வரவில்லை. மாடு பார்க்க நல்ல மாடாக இருந்தது.

எனக்குப் பிறந்த ஊர் நாசரேத். அங்கே மரச்செக்கில் எள்ளோடு கருப்பட்டியும் போட்டு ஆட்டுவார்கள். என் தங்கையிடம் சொன்னேன். பெரிய கேன் நிறைய நல்லெண்ணெய் பஸ்ஸில் வந்து இறங்கியது. மூடியைத் திறந்தால் தெருவே மணத்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக நைட் கிளப்புக்குப் போனேன்.

இசக்கியப்பனுக்கு நாற்பது வயதிருக்கும். கல்லுக்கு முன்னால் நின்று தோசை ஊற்றுகிறவனும் அவன்தான், கடையின் முதலாளியும் அவன்தான். அப்பா வைத்த கடை. கேனை அவன் முன்னால் வைத்தேன்.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரருக்கு மட்டும். அவியளுக்கு என்ன செஞ்சாலும் இதுலதான் செய்யணும். ஒடம்புக்கு அம்புட்டு நல்ல எண்ணெய். ஒரு சொட்டுகூட வேற எலைக்குப் போகக் கூடாது. போச்சுன்னா எனக்குத் தெரிஞ்சிரும்."

"அக்கா, அடுத்தவக பொருளு எனக்கு எதுக்கு? எங்க அப்பா காலத்துல இருந்து அண்ணாச்சி இங்கன சாப்பிடுதாவ. அவிய ஆசுபத்திரில கெடந்தப்ப எனக்குக் கை ஓடலக்கா. இனி அவியள நான் பாத்துக்கிடுதேன்."

கேனை இரண்டு கையாலும் வாங்கினான். கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான். கடை எண்ணெய் டின்கள் இருக்கிற பக்கம் வைக்காமல், சாமி படத்துக்குக் கீழே தனியாகக் கொண்டுபோய் வைத்தான். நான் அதற்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை. கோயில் உண்டியலும் சாமிக்கு முன்னால்தான் இருக்கிறது. அதை உடைக்காமலா விடுகிறார்கள்?

கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

முதலாவது, எண்ணெய். எங்கள் வீட்டில் அந்த அளவுக் கேனை ஆடியில் திறந்தால் ஆயுதபூஜை வரைக்கும் வரும். அமாவாசைக்குக் கொடுத்த கேன், பௌர்ணமி வருவதற்குள் காலி என்று நைட் கிளப்பில் இருந்து ஆள் வந்து நின்றான். ஒரு மனுஷன் தின்கிற தோசைக்கா இவ்வளவு? சரி, முதல் தடவை கை அளவு தெரிந்திருக்காது என்று இன்னொரு கேன் அனுப்பினேன். அதுவும் அதே வேகத்தில் போனது. இசக்கியப்பனின் பெண்டாட்டியைச் சந்தையில் பார்த்தேன். தலை நிறைய எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தாள். கிட்டப்போய்ப் பேசுகிற சாக்கில் முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். சாமர்த்தியக்காரி, வெளியே வரும்போது மாற்றிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, என் வீட்டுக்காரர். பத்தியம் இருக்கிறவர்கள் வாடித்தானே போவார்கள்? இவர் முகம் பளபளவென்று இருந்தது. இடுப்பு இளைக்கவில்லை. சாயங்காலம் இருட்டினால் போதும், ஷட்டரை இழுத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பத்தியச் சாப்பாட்டுக்குப் போகிறவர் சீட்டியடிப்பாரா? பரோட்டாவேதான் என்று முடிவு செய்தேன். ஆனால் சட்டையில் சால்னா வாசனை இல்லை. நல்லெண்ணெய் வாசனைதான் வந்தது. அது வர வேண்டியதுதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனாலும் எங்கள் கடையில் கயிறு அளந்து வெட்டுகிற செல்வதுரையைப் பிடித்து விசாரித்தேன். அவனும் இவரோடு சில நாள் அங்கே சாப்பிடுகிறவன்.

"அண்ணாச்சி பரோட்டாவத் திரும்பிக்கூடப் பாக்கல, அக்கா. பக்கத்து எலையில கொத்து பரோட்டா போட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாவ. தோசை, இடியாப்பம், முட்டை, மீன் கொழம்பு, மோரு. டாக்டர் சொன்னது அம்புட்டும் அப்படியே."

"சத்தியமா?"

"தோசைக்கெல்லாமாக்கா சத்தியம் பண்ணுவாவ?"

சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறவனை எப்படி நம்புவது? இவனுக்கும் ஒரு பொரித்த கோழி வாங்கிக் கொடுத்து வாயை அடைத்திருப்பார் என்று தோன்றியது.

அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கொழுப்பு குறையல. முன்னைவிடக் கூடியிருக்கு. மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுதேன்."

"வெளிய என்ன சாப்பிடுறீங்க?"

"நீங்க சொன்னததான் சாப்பிடுதேன், டாக்டர். பரோட்டாவத் தொட்டே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

டாக்டரம்மா அவரை நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "இது இப்படியே போனா இன்னொரு அடைப்பு நிச்சயம்" என்றார். "அடுத்த தடவை இங்க வந்து சேர்ற வரைக்கும் உங்களுக்கு நேரம் கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது."

வெளியே வந்து ஆட்டோ கூப்பிட்டேன். அந்த நாற்காலி கண்ணுக்குள் வந்து நின்றது. டீ கிளாஸ் ஆறிப்போய் மேசையில் இருக்க, அண்ணன் சாய்ந்திருந்த அதே மாதிரி இவர் சாய்ந்திருப்பது போல. பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். ஆட்டோவில் ஏறினதும் ஆரம்பித்தேன்.

"உண்மையச் சொல்லுங்க. எங்கன போய் என்னத்தத் தின்னுதிய? இசக்கியப்பன் கடை இல்லன்னா வேற கடையா? எனக்குத் தெரியாம எவன் வீட்டுல பிரியாணி?"

"ஏளா, சும்மா இரி."

"நான் சும்மா இருந்தா நீங்க போயிருவிய. எனக்கு யாரு இருக்கா?"

  அவர் என் பக்கம் திரும்பினார்.

"எங்க அண்ணன் மேல ஆணையா நான் ஒண்ணும் மறைக்கல, முத்துக்கனி. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவர் கையைப் பார்த்தேன். டாக்டரம்மா கொடுத்த பேப்பரை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது அவர் என்னைப் பார்த்துப் பயப்படுவார், அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். இது அந்தப் பயம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை முழுசாக நம்பினேன். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட எனக்கு நேரமில்லை. இவர் பொய் சொல்லவில்லை என்றால், பொய் சொல்கிறவன் வேறு ஒருவன் இருக்கிறான்.

படுத்தபடியே கணக்குப் போட்டேன். இவர் தின்பது தோசை. தோசையில் கெடுதல் இல்லை. கெடுதல் எண்ணெயில்தான் இருக்க வேண்டும். நான் கொடுத்த எண்ணெயோ உடம்பில் ஒட்டாது. ஆக, இவர் தோசையில் விழுவது என் எண்ணெயே இல்லை. காய்ந்த எண்ணெயை என் புருஷனுக்கு ஊற்றிவிட்டு, என் நாசரேத் எண்ணெயை அந்தப் படுபாவி வீட்டுக்குக் கடத்துகிறான். இல்லையென்றால் காசுள்ளவர்களுக்கு ஸ்பெஷல் ரோஸ்ட் போட்டு விற்கிறான். கேன் எதற்கு இவ்வளவு சீக்கிரம் தீருகிறது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. எல்லாம் பூட்டும் சாவியும் போலப் பொருந்தியது. சாமி படத்துக்குக் கீழே வைத்தானே, அந்த நடிப்பை நினைத்துப் பல்லைக் கடித்தேன். எண்ணெயைத் திருடினால் போகிறது. என் புருஷன் உசிரை அல்லவா திருடுகிறான்?

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், இவர் வருவதற்கு முன்னாலேயே நைட் கிளப்புக்குப் போய்விட்டேன். இசக்கியப்பன் பரோட்டாவைத் தட்டிக்கொண்டிருந்தான், என்னைக் கவனிக்கவில்லை. பெண்கள் உட்காருவதற்கு ஃபேமிலி ரூம் என்று பிளைவுட் அடித்துத் தடுத்திருப்பார்கள். பலகைக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. அங்கே உட்கார்ந்தால் தோசைக்கல், சாமி படம், கேன், எல்லாம் தெரியும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இடியாப்பம் சொன்னேன். கேன் அதே இடத்தில் சிவப்புத் துணியோடு இருந்தது. மூன்றாவது கேன். போன வாரம் கொடுத்தது. பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

கடை நிறைந்துகொண்டிருந்தது. உப்பு லாரிக்காரர்கள் ஒரு மேசை முழுக்க உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவால் குளம் கட்டினார்கள். ஹார்பர் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் கோழிக்குச் சொல்லிவிட்டு, டயட் என்று ஒரு வெள்ளரிக்காய்த் தட்டும் கேட்டார்கள். நான் ஒரு பக்கமும் கண்ணைத் திருப்பவில்லை. கேனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் வந்தார். மின்விசிறிக்குக் கீழே அவர் இடம் காலியாக இருந்தது, எப்போதும் அதை விட்டு வைப்பார்கள் போல. உட்கார்ந்ததும், அவர் கேட்கும் முன்னே சப்ளையர் சத்தம் கொடுத்தான்.

"அண்ணாச்சி பத்தியம் ஒண்ணேய்!"

பத்தியத்துக்குப் பேரே வைத்துவிட்டார்கள். இசக்கியப்பன் கையைக் கழுவினான். கேனை எடுத்தான். சரி, எடுத்துவிட்டானே, என்ன செய்கிறான் பார்ப்போம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கல்லைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். மாவை ஊற்றித் தேய்த்தான். துணியை அவிழ்த்து, கேனைச் சாய்த்தான். சாய்த்தவன் நிமிர்த்தவில்லை. எண்ணெய் தோசையைச் சுற்றிக் கரை கட்டி, மேலே ஏறி, நடுவில் தேங்கியது. தோசை கல்லில் இருக்கிறதா, எண்ணெயில் மிதக்கிறதா என்று தெரியவில்லை. மாட்டினான் என்று நினைத்தேன். இது என் புருஷன் தோசை இல்லை, எவனோ ரோஸ்ட் கேட்டிருக்கிறான். பாதி எழுந்துவிட்டேன். எந்த மேசைக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் பிடிக்கலாம்.

தோசை இலையில் ஏறியது. சப்ளையர் அதை எடுத்துக்கொண்டு லாரிக்காரர்களைத் தாண்டினான். ஹார்பர்காரர்களைத் தாண்டினான். மின்விசிறிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தான்.

நான் உட்கார்ந்தேன்.

இசக்கியப்பன் அடுத்துச் சின்ன வாணலியை எடுத்தான். மறுபடியும் கேன். அவித்த முட்டைகளைப் பிளந்து, அந்த எண்ணெயில் போட்டு, மிளகைத் தூவிப் புரட்டினான். மின்விசிறிக்குக் கீழே போனது. பிறகு இடியாப்பத்தை உதிர்த்து, பொடியைப் போட்டு, குழியாக்கி, அந்தக் குழி நிறையக் கேனைச் சாய்த்தான். மின்விசிறிக்குக் கீழே போனது. மீன் குழம்பில் மேலே மிதந்ததைக் கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கி எடுத்துக் கீழே கொட்டினான். எவ்வளவு பொறுமை! குழம்பு சுத்தமானதும் அதன்மேல் என் எண்ணெயை ஒரு கரண்டி விட்டான். கடைசியாக ஒரு காரியம் செய்தான். கல்லில் மிஞ்சியிருந்த எண்ணெயை ஒரு தோசைத் துண்டால் சொட்டு விடாமல் ஒற்றி எடுத்து, அந்தத் துண்டையும் என் புருஷன் இலையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னான்.

கேனின் கழுத்தில் துணியைக் கட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அப்புறம்தான் லாரிக்காரர்கள் பக்கம் திரும்பினான்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கல்லுக்கு முன்னால் நின்றிருந்தேன்.

"ஏலே, என்னலே பண்ணுத?"

"வாங்கக்கா! எப்ப வந்திய? அண்ணாச்சி இருக்காவளே..."

"இம்புட்டு எண்ணெயா ஊத்துவாக? அவிய இருதயக்காரருலே!"

அவன் முகம் சுருங்கிவிட்டது. நான் வேறு எதற்கோ சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். சாமி படத்தைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"எசக்கியம்மன் மேல சத்தியம்க்கா. ஒரு சொட்டு வேற எலைக்குப் போகல. கல்லுல மிஞ்சுனதுல அடுத்தவனுக்குத் தோசை சுட்டா அது திருட்டுல்லா? அதான் தொடச்சு அண்ணாச்சி எலையிலயே வச்சிருவேன். எங்க வீட்டுல தலைக்குத் தேய்க்க எம் பொண்டாட்டி ஒரு கரண்டி கேட்டா. அடிக்கவே போயிட்டேன். கொறைச்சா ஊத்தலாம்தான். ஆனா அக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வரவழைக்காவ, ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லுதாவ. நல்லதுல போயி கஞ்சத்தனம் பண்ணலாமா? மீதி வச்சா நான் அமுக்குனதா நெனச்சிருவியளோன்னுதான் பயம்."

 அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. ஒரு சொட்டுகூட வேறு இலைக்குப் போகக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னது யார்? நான்தானே. ஒரு கேன், அடுத்த கேன், இந்தக் கேனில் பாதி. எல்லாம் ஒரு ஆள் வயிற்றுக்குள், ஒரு ஆள் நெஞ்சுக்குள்.

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் திருடனாக இருப்பானோ, திருடனாக இருப்பானோ என்று பார்த்தே வயதாகிவிட்டது எனக்கு. இவன் ஒருவனாவது திருடியிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பாதியைத் திருடியிருந்தால் பாதி அடைப்பாவது குறைந்திருக்குமே.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். விரல் ஐந்தும் மினுங்கின.

"நீங்களாவது கேக்கக் கூடாதா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். "தோசை மெதக்குது. கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது" என்றார். "என்னடா இம்புட்டு ருசியா இருக்கேன்னுகூட நெனச்சேன். ஆனா உன் எண்ணெய்லா. நீ பாக்காம ஒண்ணக் குடுத்துவிடுவியா? உன்ன மாதிரிச் சந்தேகப்படுத ஆளு குடுத்ததுல நான் என்னத்தச் சந்தேகப்பட?"

எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். லாரிக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. மீன் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், செல்வதுரையைப் பார்த்தேன், ஒருத்தி தலையை முகர்ந்தேன். என் கையில் இருந்த கேனை மட்டும் பார்க்கவில்லை. மாடு நன்றாக இருந்தது என்று நம்பிவிட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாமி படத்துக்குக் கீழே இருந்த கேனை நானே எடுத்தேன். சிவப்புத் துணியை அவிழ்த்துப் போட்டேன்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோ. இந்த எண்ணெய் இனி கடைக்கு வாரவுக எல்லாருக்கும். எல்லாத் தோசைக்கும் ஊத்து. உம் பொண்டாட்டிக்கும் தலைக்குத் தேய்க்கக் குடு. இவிய எலைக்கு மட்டும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது."

இசக்கியப்பன் கேனைத் தொடவே பயந்தான். "அடுத்தவக பொருள எப்படிக்கா நான்..."

"திருடு, தம்பி" என்றேன். "உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஹார்பர்காரர்களில் ஒருவர் சிரித்தார். இசக்கியப்பன் சிரிக்கவில்லை. புரிந்ததும் என் புருஷன் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி..." என்று கையைக் கூப்பினான். இவர் அவன் தோளைத் தட்டிவிட்டு இலைக்குப் போனார். நான் அந்த இலையை மடித்து எடுத்துவிட்டேன். வேறு இலை போடச் சொன்னேன்.

ஒன்றும் சேர்க்காத இடியாப்பம் வந்தது. அவித்த முட்டை, அவித்தபடியே வந்தது. குழம்பில் மேலே இருந்ததை ஒதுக்கி, அடியில் இருந்து மீனோடு எடுத்து ஊற்றினான். ஒரு டம்ளர் மோர். அவருக்கு எதிரே பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். அந்தக் கடையில் ஆண்கள் பக்கம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். முகத்தில் இருந்த பளபளப்பு அப்போதே பாதி வடிந்தது போல இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பத்தியம் மாதிரி இருக்கு" என்றார்.

அவர் அடுத்த வாய் எடுப்பதற்குள் நான் கையை நீட்டி, அந்த இடியாப்பத்தைத் தூக்கி அடியில் பார்த்தேன்.